முக்கால் முழுக்கு

டிசம்பர் இரண்டாம் சனி.
பின்கதவை இரண்டு தரம் தட்டுகிறான் டென்வர்.
(ஊரல்ல, ஆள்.
பதினெட்டு வருஷம் என் புருஷன்.)
முன்பெல்லாம் தட்டமாட்டான்,
பூட்ஸ் சேறோடு நேரே அடுப்படிக்கு வருவான்.
இப்போது காலை மிதியடியில்
தேவைக்கு மேல் துடைக்கிறான்.

தீயணைப்புப் படைக்குப் புதுக் குழாய் வாங்கவேண்டும்.
நானூறு பக்கை உருண்டை.
முப்பத்து மூன்று டஜன், மிச்சம் நாலு.
டஜன் ஆறு டாலர்.
எங்கள் இருவர் பெயரையும் ஒரே வரியில் எழுதியவள்
சர்ச் கணக்கு பார்க்கும் லவோன்.
அவளுக்கு எல்லாம் தெரியும்,
தெரிந்துதான் எழுதினாள்.

வேர்க்கடலை வெண்ணெய், வெறும் வெண்ணெய்,
மாவுச் சர்க்கரை.
சலிக்கச் சலிக்க
ஜன்னலுக்கு இந்தப் பக்கமும் பனி.
பிசைவது நான்.
மாவு கையை விடும் நேரம் எனக்குத் தெரியும்.
நான் கையை விட்ட நேரம்தான்
கொஞ்சம் பிந்திவிட்டது.

உருட்டியதை உறையவைக்க ஃப்ரீசரில் இடமில்லை;
போன வாரம் துப்பாக்கி சீசன்,
அண்ணன் சுட்ட மான் கால்வேறு தொடைவேறாய் உள்ளே.
தட்டுகளைக் காரின் கூரைமேல் வைத்தோம்.
ஒஹாயோவில் டிசம்பருக்கு மின்சாரச் செலவில்லை.

முக்குவது அவன்.
மரமில் தின்ற ஆள்காட்டி போக
மிச்சம் ஒன்பது விரலால்.
பல்குச்சியில் குத்தி, தலைகீழாய்ப் பிடித்து
சாக்லேட்டுக்குள் இறக்குவான்.
இறக்கி,
நிறுத்துவான்.
உச்சியில் ஒரு வட்டம் நனையாமல் நிற்கும்.
அதுதான் கண்.
அது இல்லாவிட்டால் வெறும் மிட்டாய்.

பக்கைக் கொட்டைக்கு அந்தப் பெயர்
கலைமானின் கண்ணால் வந்தது என்பார்கள்.
மருண்டு மருண்டு பார்க்கும் பெண்மான் விழியல்ல.
இரவில், கார் வெளிச்சத்தில்,
ஓடவும் செய்யாமல் ஒதுங்கவும் செய்யாமல்
ரோட்டு நடுவே நின்று
நம்மையே பார்க்குமே,
அது.

எனக்கு முக்க வராது.
பாதியில் நிறுத்தத் தெரியாது.
நான் தொட்டால் முழுசாய் மூழ்கும்.
நீதிமன்றத்திலும் அப்படித்தான்.
படகு, நாய், அவன் அம்மா வீட்டு ஞாயிற்று விருந்து, அவன்,
எல்லாவற்றுக்கும் ஒரே காலையில்
முழுக்குப் போட்டேன்.
அவன் கையெழுத்து மட்டும்
கோட்டைத் தொடாமல்
மேலே கொஞ்சம் இடம் விட்டு நின்றது.

நூற்றெழுபதாவது உருண்டை.
பக்கத்துப் பாத்திர மூடியை நான் தூக்க,
அடியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்.
ஒரே சொட்டு.
சாக்லேட் திரிந்து கட்டிதட்டி
வெள்ளம் வடிந்த ஆற்றங்கரையாயிற்று.
"யார் மூடியை இங்கே வைத்தது?"
"யார் திறந்தது?"
பழைய சண்டை,
இருட்டில் செருப்பைத் தேடாமலே
கால் நுழைவதுபோல
நுழைந்தது.

பிறகு அவன் பேசவில்லை.
வனஸ்பதி இரண்டு கரண்டி,
நகத்தளவு மெழுகு.
பழசைக் கிளறாதே, கிளறாதே என்று
பதினெட்டு வருஷம் சொன்னவன்
இதைக் கிளறினான்,
கடிகாரத்தில் பெரிய முள் ஆறைத் தாண்டும்வரை.
மினுப்பு திரும்பியது.
பழைய மினுப்பில்லை.
விற்கிற அளவுக்கு மினுப்பு.

குச்சி எடுத்த துளையை
விரல்நுனியால் நீவி அடைப்பது என் பங்கு.
அழுத்தினால் கண் சப்பையாகும்,
அழுத்தாவிட்டால் ஊசிக்காயம் தெரியும்.
ஒரு மணிவரை நீவினேன்.

டஜனுக்குள் அடங்காத நாலில் ஆளுக்கு இரண்டு.
சிங்க் பக்கத்தில் நின்றபடியே தின்றோம்.
அவன் ஒன்றைத்தான் தின்றான்.
மற்றதைக் காகிதத்தில் சுற்றிச்
சட்டைப்பையில் போட்டான்.

"அதிர்ஷ்டத்துக்குக் கொட்டையைத்தான்
பையில் வைப்பார்கள், டென்வர்.
இது உருகிவிடும்."

"டிரக்கில் ஹீட்டர் போய் ஒரு மாசமாச்சு," என்றான்.
"வீடுவரைக்கும் தாங்கும்."